எல்லாவற்றுக்கும் ‘எஸ் மேடம்’

பெரியவர்களுக்கு இலக்கணப் புத்தகத்தை வைத்து இங்கிலீஷ் சொல்லித்தருவது வீண் வேலை என்பது என் கட்சி. பகலெல்லாம் உழைத்துவிட்டு வந்தவர்கள் வினைச்சொல்லைக் கண்டதும் கொட்டாவி விடுவார்கள். அதனால் சாந்தோம் பள்ளிக்கூடத்தில் நான் நடத்திய மாலை வகுப்பில் கிராமபோனை வைத்தேன். பட்டாளத்துக்காரர்கள் நடனமாடும் இங்கிலீஷ் காதல் பாட்டுகள். பள்ளிக்கூடத்தை நடத்திய பாதிரிச் சாமியார் முகம் சுளித்தார். பாடம் நடக்கிறதே என்று விட்டுவிட்டார்.

நன்றாகத்தான் நடந்தது. பத்து நாளில் ஒரு பாட்டை எழுத்துப் பிசகாமல் பாடினார்கள். நான் பூரித்துப்போனேன். என் மண்டையில் உறைக்காத விஷயம் ஒன்று இருந்தது. எங்கள் பங்கு ஜனங்கள் பிறந்ததிலிருந்து மாதா கோயிலில் லத்தீன் பாடுகிறவர்கள். அர்த்தம் தெரியாமலே ஒரு பாஷையை அழகாகப் பாடுவது அவர்களுக்குப் பரம்பரைப் பழக்கம். பிரார்த்தனையில் சாமியார் எதைச் சொன்னாலும் ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். என் காதல் பாட்டுகளையும் அப்படித்தான் வாங்கிக்கொண்டார்கள்.

அந்த வகுப்பில் எல்லோரையும்விட நன்றாகப் பாடியவளுக்கு முப்பது வயதிருக்கும். புருஷன் ரங்கூனில் மர மில்லில் இருந்தான். அங்கே ஜப்பான் குண்டு விழுந்தபின் ஒரு வருஷமாகக் கடிதம் இல்லை. இரண்டு குழந்தைகள், அண்ணன் வீட்டுச் சோறு, அண்ணி முகம். பட்டாள ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்கு ஆள் எடுத்தார்கள். இங்கிலீஷ் கேட்டால் புரிய வேண்டும், விதவைகளுக்கு முதலிடம் என்றார்கள். விதவை இல்லாவிட்டாலும் கேட்டுப்பார்க்கலாம் என்று நான்தான் அழைத்துப்போனேன்.

வெள்ளைக்கார மேட்ரன் கேள்வி கேட்டாள். நான் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பெயர், ஊர் ஆனதும் இவளுக்கு எதுவும் விளங்கவில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஒவ்வொன்றுக்கும் தலையைக் குனிந்து, பிரார்த்தனைக்குப் பதில் சொல்கிற அதே பக்தியோடு ‘எஸ் மேடம்’ என்றாள். சமைப்பாயா, எஸ் மேடம். ராத்திரி வேலை பார்ப்பாயா, எஸ் மேடம். பிறகு மேட்ரன் குரலைத் தாழ்த்தி, உன் புருஷன் இறந்துவிட்டானா என்று கேட்டாள்.

‘எஸ் மேடம்.’

இவள் கழுத்தில் சிலுவைத் தாலி கிடந்தது. மேட்ரனுக்கு அது வெறும் சங்கிலி. அவள் காகிதத்தில் விதவை என்று எழுதிக்கொண்டு, திங்கட்கிழமை வரச் சொன்னாள். நான் எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். வேலை கிடைத்ததே என்று வாயை மூடிக்கொண்டேன். இன்றுவரை என்னை நான் மன்னிக்கவில்லை.

கடற்கரையோரமாக நடந்து வந்தோம். அவளுக்குச் சந்தோஷம். எல்லாம் சரியாகச் சொன்னேனா என்று இரண்டு முறை கேட்டாள். அப்புறம், “அந்தம்மா ஒரு தபா கொரல எறக்கி கேட்டாங்களே, அது இன்னா டீச்சர்?” என்றாள்.

பொய் சொல்ல நாக்கு எழவில்லை. சொன்னேன்.

அவள் மணலில் உட்கார்ந்துவிட்டாள். வெண்ணெய் திரளும்போது தாழியை உடைக்காதே, காகிதத்தில் எழுதினால் மனுஷன் செத்துப்போவானா, பிள்ளைகளைப் பார் என்று நான் அடுக்கினேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“நான் வேலதானே கேட்டேன் டீச்சர். அவரு செத்துட்டாருன்னு என் வாயாலயே சொல்ல வெச்சிட்டீங்களே.”

எனக்குச் சுருக்கென்றது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் சாகவில்லை என்பதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று கேட்டாள். சொல்லிக்கொடுத்தேன். ஒவ்வொரு வார்த்தைக்கும் அர்த்தம் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டாள். இல்லை என்கிற ‘நாட்’ எங்கே வருகிறது என்று மட்டும் நாலு தடவை கேட்டாள்.

திங்கட்கிழமை என்னைத் துணைக்கு வரவேண்டாம் என்றுவிட்டாள். சாயங்காலம் வகுப்புக்கு எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்தாள். அவர் சாகவில்லை என்று மேட்ரனிடம் சொல்லிவிட்டாளாம். வேலை வேறொருத்திக்குப் போய்விட்டது. மேட்ரன் கோபப்படவில்லை, பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள் என்றாள்.

“ஹௌ டூ யூ நோ, ஒனக்கு எப்பிடி தெரியும்னு கேட்டாங்க. அது எனக்குப் புரிஞ்சிடுச்சு டீச்சர். பதில்தான் இல்ல. தமிழ்லயும் இல்ல.”