எடித் ராணியோடு வந்த தங்கை

மக்டெபேர்க் பேராலயத்தில் எடித் ராணியின் கல்லறைக்கு அருகே போனதும், ஈரக் கல்லும் உருகிய மெழுகும் கலந்த மணம் வந்தது. பெரியப்பாவின் மேலங்கியில் எப்போதும் இந்த மணம்தான். நாள் தவறாமல் தேவாலயப் பூசைக்குப் போகிறவர்.

இரண்டாயிரமாம் ஆண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் இருந்தோம். அப்பா இல்லாத எங்கள் வீட்டில் பெரியப்பா சொன்னதுதான் சட்டம். ஒருநாள் லண்டன் மாப்பிள்ளை ஒருவரைக் கூட்டிவந்து, என் இரண்டு அக்காமாரையும் அவர் முன்னால் சோபாவில் இருத்தினார்.

"ரெண்டு பேரையும் பார்க்கட்டும். பிடிச்சவளைக் கட்டட்டும்."

அம்மா முகம் சுளித்தபோது பெரியப்பா ஒரு கதை சொன்னார். இங்கிலாந்து அரசன் தன் இரண்டு தங்கைகளை ஜெர்மன் இளவரசன் ஓட்டோவிடம் அனுப்பினானாம். அவன் எடித்தைத் தேர்ந்தெடுத்தான். அவள் ராணியாகி ஏழைகளுக்கு அள்ளிக் கொடுத்தாள். சனம் அவளைப் புனிதை என்று கும்பிட்டது.

"மற்றவளுக்கு என்ன நடந்தது?" என்று பெரியக்கா கேட்டாள்.

"அது ஆருக்குத் தெரியும்? விடு பிள்ளை."

மாப்பிள்ளை சின்னக்காவை நோக்கி விரலை நீட்டினார். சின்னக்கா எழுந்துபோய் வாசற்கதவைத் திறந்தாள்.

"பெரியப்பா, இவரைக் கூட்டிக்கொண்டு போங்கோ. நீங்களும் இனி இஞ்ச வராதேங்கோ."

அம்மா தடுக்கவில்லை. அதன்பிறகு பெரியப்பா வரவேயில்லை.

கல்லறைக்கு முன்னால் நின்று, எடித் இறந்தபோது நாடே அழுததாக பேராலயத்து வழிகாட்டி சொல்லிக்கொண்டிருந்தார். போன மாதம் பெரியப்பாவின் சாவுச் செய்தி வந்தபோது எங்கள் வீட்டில் ஒருவரும் அழவில்லை.