கோவை போய்த் திரும்பும் கார்

மின்சாரக் கார் வாங்கப் போனபோது, நாமகிரிப்பேட்டையிலிருந்து ஒரே சார்ஜில் கோவை போய்த் திரும்பலாம் என்றார் ஷோரூம்காரர். "ஏசி போட்டாலுங்களா?" என்று கேட்டேன். "தாராளமாப் போலாங்க" என்றார்.

சித்திரை வெயிலில் அம்மாவைக் கண் ஆபரேஷனுக்குக் கோவைக்கு அழைத்துப் போனேன். திரும்பும்போது சங்ககிரியை நெருங்குவதற்குள் சார்ஜ் அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. ஏசியை நிறுத்தினேன்.

"வேர்வை கண்ணுக் கட்டுக்குள்ள எறங்குது சாமி" என்றார் அம்மா. ஒரு லாரிப் பட்டறையில் கெஞ்சி சார்ஜ் போட்டு, பொழுது சாயும்வரை காத்திருந்தோம்.

மறுநாள் ஷோரூமுக்குப் போனேன். "அது டெஸ்ட்ல வந்த கணக்குங்க மேடம். ஏசி இல்லாம ஓட்டிப் பாத்தது" என்றார் அதே ஆள்.

"நான் ஏசியைப் பத்தித்தானுங்க கேட்டேன்? தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லியிருக்கலாமில்லீங்களா?"

பக்கத்தில் கார் பார்க்க வந்திருந்த தம்பதியிடம் நடந்ததை முழுக்கச் சொன்னேன். வண்டியைக் குறை சொல்லவில்லை. உள்ளூருக்கு நல்ல வண்டி, இன்றும் அதைத்தான் ஓட்டுகிறேன். "தூரத்தைப் பத்தி இவங்க சொல்றதுல பாதியை மட்டும் நம்புங்க" என்றேன். ஷோரூம்காரர் முகத்துக்கு நேராகவே சொன்னேன்.