அக்கா மகள் சொன்ன கீட்டோன்

என் இதயத் துடிப்பு அவ்வப்போது தாளம் தப்பும். நெஞ்சுக்குள் மீன் துள்ளுவது போலிருக்கும். பிறகு தலை சுற்றும். கள்ளக்குறிச்சி டாக்டர் இசிஜி எடுத்துப் பார்த்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதே அப்பாவுக்குப் பிறந்த என் அக்காவுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. தியாகதுருகத்தில் இருக்கும் அவள் அந்த ஊர் மலைக்கோட்டைமேல்கூட மூச்சு வாங்காமல் ஏறுவாள்.

அது போதாதென்று, அவள் மகள் வெளிநாட்டில் இதயத்தைப் பற்றியே ஆராய்ச்சி செய்கிறாள். என் மகன் கரும்பு லாரி ஓட்டுகிறான், நல்ல பிள்ளைதான். ஆனாலும் "பாப்பா பேசினா" என்று அக்கா ஆரம்பித்தாலே எனக்கு வயிறு எரியும்.

போன கார்த்திகையில் அப்படித்தான் ஆரம்பித்தாள். சாப்பாடு குறைந்தால் உடம்பு கொழுப்பிலிருந்து கீட்டோன் என்று ஒன்றைச் செய்துகொள்ளுமாம். இதயத்துக்கு அதுவும் எரிபொருளாம். துடிப்பு தாறுமாறாவதை அது தடுக்குமா என்று மகளின் ஆய்வுக்கூடத்தில் பார்க்கிறார்களாம். சொல்லி முடித்துவிட்டு, "நான் வாரா வாரம் விரதம் இருக்கறன் இல்ல, அதான் எனக்கு ஒண்ணும் வரல" என்றாள்.

அதை என்னால் பொறுக்க முடியவில்லை. அவளைவிடக் கடுமையாக நானும் விரதம் இருக்கத் தொடங்கினேன். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. ஒருநாள் வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு கச்சிராயபாளையத்தில் எங்கள் கரும்புக்குத் தண்ணீர் திருப்பப் போனவள், வரப்பிலேயே மயங்கி விழுந்தேன்.

ஆஸ்பத்திரியில் கண் திறந்தபோது கால்மாட்டில் அக்கா உட்கார்ந்திருந்தாள். டாக்டர் கேட்டபோது விரதத்தைச் சொல்லிவிட்டேன். மாத்திரை சாப்பிடுகிறவள் தன்னைக் கேட்காமல் பட்டினி கிடக்கலாமா என்று அவர் திட்டிவிட்டுப் போனார். அக்கா வீடியோவில் மகளிடம் அழுதாள். மகள் என்னைக் கேட்டாள்.

"ஏன் சித்தி இப்டி பண்ணீங்க? மனுசங்களுக்கு அது சரியா வருமான்னு எங்களுக்கே இன்னும் தெரியாது."

பிறகு, துடிப்பு தப்பும்போது எப்படி இருக்கும் என்று கேட்டாள். மீன் துள்ளுவதைச் சொன்னேன். எப்போது துள்ளும், எப்படி அடங்கும் என்று ஒவ்வொன்றாக விசாரித்தாள். யாரும் அதுவரை என்னிடம் இதையெல்லாம் கேட்டதில்லை.

ஃபோனைத் திரும்ப வாங்கிய அக்கா முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள். "எங்கிட்ட இவ்ளோ நேரம் பேசினதே இல்லடி அவ" என்றாள்.

எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. முகத்தைக் காட்டாமல், அவள் கொண்டுவந்திருந்த கஞ்சியைக் குடித்தேன்.

இப்போது மாத்திரையும் சாப்பாடும் வேளைக்கு நடக்கின்றன. அந்தப் பெண் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னையும் கூப்பிடுகிறாள். பேசி முடித்ததும் அக்காவுக்கு ஃபோன் போடுவேன். மகள் என்ன சொன்னாள் என்று அவளாகக் கேட்கிறவரை, வேறு எதையாவது பேசிக்கொண்டிருப்பேன்.