குப்புறப் படுத்த அம்மா

எங்கள் லயத்து வரிசை வீட்டுச் சனத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ருவான்வெல்லைப் பக்கம் றப்பர் தோட்டம். அம்மா அங்கே பால் வெட்டுகிறவள். அவளுடைய இடது கண் மாதக்கணக்காகச் சிவந்தே கிடந்தது. டிஸ்பென்சரியில் சொட்டு மருந்து கொடுத்தார்கள், பக்கத்து வீட்டு அக்கா தாய்ப்பால் விடச் சொன்னாள். கடைசியில், கண்ணுக்குள்ளே அழற்சி முற்றி விழித்திரையையே பிய்த்துவிட்டது என்று கொழும்பில் ஒப்பரேஷன் செய்தார்கள்.

பிய்ந்ததை ஒட்ட வைக்க உள்ளே ஒரு காற்றுக் குமிழி. அது மிதந்து பின்சுவரை அழுத்த வேண்டுமானால் அம்மா இரவு பகலாக முகம் கவிழ்ந்தே கிடக்க வேண்டும். தலையைத் தூக்கினால் எல்லாம் வீண். "ஒளுவ உஸ்ஸன்ன எபா", அதாவது தலையைத் தூக்காதே என்று நர்ஸ் சிங்களத்தில் சொன்னதை, அப்பா பஸ்ஸில் வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். பார்வை திரும்புமா என்பதற்கு மட்டும் டாக்டர் பிடி கொடுக்கவில்லை. பால் வெட்டுக்குக் கண்தான் எல்லாம். கத்தி கொஞ்சம் ஆழமாகப் போனாலும் மரம் கெட்டுவிடும்.

இதெல்லாம் சனத்துக்குப் புரிய வேண்டுமே! அவர்களைப் பொறுத்தவரை ஒருத்தி குப்புறக் கிடந்தால் வீட்டில் சண்டை. வேறு பேச்சே கிடையாது.

முதலில் வந்தது அத்தை, அப்பாவின் அக்கா. மால்ட் டின்னை வைத்த கையோடு தம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"நோயாளிய என்னாடா பண்ணுன? இப்புடிக் குப்புறக் கிடந்து அழுவுறா!"

"அழுவலக்கா. டாக்டர்தான் இப்புடிப் படுக்கச் சொன்னாரு."

"எந்த டாக்டருடா சொல்லுவான்? எங்க மாமனாருக்குக் கண்ணு வெட்டுனப்ப, கறுப்புக் கண்ணாடி போட்டு மல்லாந்துதான கிடந்தாரு!"

பிறகு வரிசையாக வந்தார்கள். சமாதானம் செய்து வைக்க எத்தனை பேருக்கு ஆசை! "மூஞ்சியக் காட்டு புள்ள" என்று பெரியம்மா அம்மாவின் தோளைப் பிடித்துப் புரட்டவே தொடங்கிவிட்டாள். "எபா! எபா!" என்று நான் குறுக்கே விழுந்தேன். தலையில் ஒரு குட்டு விழுந்தது. வாய்க்கொழுப்பாம்.

அப்பாவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"ஆமா, நான்தான் அழ வச்சேன்! போதுமா? அவளத் தொடாம எல்லாரும் போங்க!"

அவ்வளவுதான். கேட்க வந்ததைக் கேட்டுவிட்ட திருப்தியோடு, அப்பாவை ஏசிக்கொண்டே கலைந்து போனார்கள்.

எனக்கோ அம்மா மேல்தான் ஆத்திரம். செய்யாத தப்பை அந்த மனுஷன் ஏற்றுக்கொள்கிறார், இவள் வாயைத் திறந்து ஒரு 'இல்லை' சொல்லக் கூடாதா? கேட்டே விடுவது என்று, கட்டில் விளிம்பில் தொங்கிய அவள் முகத்துக்கு நேர் கீழே தரையில் மல்லாந்து படுத்தேன். என் கன்னத்தில் சொட்டென்று ஈரம் விழுந்தது.

"ஏம்மா அழுவுற?"

"அழுவலடி. மருந்து ஒழுவுது."

நம்பினேன். நேரே அப்பாவிடம் போய்ப் புகாரும் சொன்னேன்.

"அந்த நர்ஸ் சரியில்லப்பா. இடது கண்ணுக்குத்தானே மருந்து? வலது கண்ணுலயும் ஒழுவுது."

அப்பா ஏன் வாசலில் செருப்பைத் தேடுகிறவர் போல வெகுநேரம் குனிந்தே நின்றார் என்பது எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை.