மில் பஸ்ஸில் வந்த கொப்பரை

“...இடி விழுந்து ஒடையறதுக்கா இம்புட்டு நாளு உசுரக் கையில பிடிச்சுக்கிட்டுக் கேட்டோம்? போடி இவளே, நீ முடிவ மறைக்கிற!” என்று, என்னோடு நூல் மில்லில் வேலை பார்த்த பிலோமினா அக்கா அந்தக் காலத்தில் மில் பஸ்ஸின் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தியது, போன வாரம் ஒரு கல்யாண மண்டபத்தின் பின்பக்கம் நின்றபோது என் காதில் அப்படியே வந்து விழுந்தது. அக்கா அங்கே இல்லை. இருந்தது ஒரு பிரியாணி அண்டா. கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். ஈரக் கரியும் பட்டையும் கலந்த வாசனை இன்னும் போகவில்லை.

அண்டாவைப் பார்த்தால் உங்களுக்குப் பசி வரும். எனக்கு வேல்ஸ் நாடு ஞாபகம் வரும். சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

பத்தாம் வகுப்பில் எனக்கு இங்கிலீஷ் மட்டும் போய்விட்டது. அதனால் நூல் மில்லுக்கு வந்தேன். வந்த முதல் மாதமே ஒரு வைராக்கியம்: ஒரு முழு இங்கிலீஷ் புத்தகத்தைப் படித்தே தீருவது. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே தரையில் பரப்பி விற்ற பழைய புத்தகங்களில், படம் இருந்தால் பாதிப் பாரம் குறையும் என்று ஒன்றை எடுத்தேன். அட்டையில் ஒரு பெரிய கறுப்புப் பாத்திரம், அதைப் பார்த்து நடுங்கி நிற்கும் ஓர் அண்ணனும் தங்கையும். வேல்ஸ் நாட்டுப் பழங்கதைகளை வைத்துப் பிள்ளைகளுக்காக எழுதியது என்று உள்ளே போட்டிருந்தது. பிள்ளைகளுக்குத்தானே, நமக்கு முடியாதா என்று நினைத்தேன். அகராதியோடு உட்கார்ந்தால் ஒரு நாளைக்கு ஒன்றரைப் பக்கம். வேல்ஸ்காரர்கள் பெயர் வைக்கிற லட்சணத்தைக் கேட்காதீர்கள், உயிரெழுத்தே இல்லாமல் ஓடும். அண்ணனுக்கு ராசு என்றும் தங்கைக்குச் செல்வி என்றும் நானே பேர் மாற்றிவிட்டேன்.

படித்ததை ஷிப்ட் முடிந்து திரும்பும் பஸ்ஸில் சொல்லுவேன். முதல் நாள் ஒரு தப்புப் பண்ணினேன். “செத்த ஆளுகள எதிரி ராசா ஒரு பிரியாணி அண்டா மாதிரி பாத்திரத்துல போடுறான். காலையில அவுங்க எந்திரிச்சுச் சண்டைக்கு வாராங்க” என்றேன். ஒருத்திக்கும் பயம் வரவில்லை. பின்சீட்டிலிருந்து முத்துலட்சுமி, “ஏன்டி, பசி நேரத்துல அண்டாவப் பத்திப் பேசுற? அதுல பீஸ் கெடக்குமா?” என்றாள். மறுநாள் அதை எமலோகத்து எண்ணெய்க் கொப்பரையாக மாற்றினேன். அதற்கப்புறம்தான் பஸ் அடங்கியது.

கொப்பரையிலிருந்து எழுந்து வருகிறவர்களுக்கு எல்லாம் உண்டு, பேச்சு மட்டும் கிடையாது. இதைச் சொன்னதும் முத்துலட்சுமி, “அப்ப அவுகளும் மில்லு வேலைக்குப் போறவுகதான்” என்றாள். பஸ்ஸே சிரித்தது. உண்மைதானே. ஸ்பின்னிங் மிஷின்கள் ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. அறுந்த இழையை ஒட்டிக்கொண்டே உதட்டை அசைத்தும் கையை ஆட்டியும்தான் எங்கள் பேச்சு. மூக்கைத் தொட்டால் சூப்பர்வைசர் வருகிறார். கட்டைவிரலை வாய்க்குக் கொண்டுபோனால் தண்ணீர். பிலோமினா அக்கா பத்து மிஷினுக்கு அந்தப் பக்கம் அசைகிற உதட்டைக்கூடப் படித்துவிடுவாள். அவள் இருக்கும் பக்கம் திரும்பி யாரும் யாரையும் திட்ட முடியாது.

தண்ணீர் என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் கக்கூஸ் கதவுக்குத் தாப்பாள் இல்லை. ஊர் உலகத்துக்கெல்லாம் பூட்டுச் செய்து அனுப்புகிற ஊரில், முப்பது பொம்பளைகள் போகிற கதவுக்கு ஒரு தாப்பாள் இல்லை. இரண்டு பேராகப் போவோம். ஒருத்தி உள்ளே போனால் ஒருத்தி கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கொப்பரைக் கதை பாதியில் இருக்கும்போது சூப்பர்வைசர் புதுச் சட்டம் போட்டார்: இனிமேல் ஒருத்தியாகத்தான் போகணும், கூட ஒருத்தி போனால் மிஷினை யார் பார்ப்பது? உள்ளே உட்கார்ந்துகொண்டு ஒரு கையால் கதவைப் பிடித்துப் பார்த்திருக்கிறீர்களா? கை எட்டாது. அந்தப் பக்கம் சரக்கு ஏற்றுகிற ஆட்கள் போவார்கள், வருவார்கள்.

அதனால் நாங்கள் தண்ணீர் குடிப்பதை விட்டோம். காலையில் வீட்டில் குடித்த காப்பியோடு சரி. பஞ்சுத் தூசியில் தொண்டை அடைக்கும். ஒரு மடக்கு எடுத்துக் கொப்பளித்துத் துப்புவோம். முத்துலட்சுமி நீர்க்கடுப்பும் காய்ச்சலுமாக ஒரு வாரம் படுத்துவிட்டாள். திரும்பி வந்தபோது அவள் கன்னம் ஒட்டியிருந்தது, வாயும் அடங்கியிருந்தது. தாப்பாள் கேட்கலாம்தான். எங்களுக்கு முன்னால் ஒரு பெண் கேட்டாளாம். ‘நாளையிலிருந்து வர வேண்டாம்’ என்று கேட்டிலேயே நிறுத்திவிட்டார்களாம். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். எங்கள் மில்லில் அழுத பிள்ளை வீட்டுக்குப் போனது.

இந்த லட்சணத்தில்தான் கதை கடைசிக்கு வந்தது. கொப்பரையைச் சம்மட்டியால் அடித்தாலும் உடையாது, ஆற்றில் போட்டாலும் முழுகாது. உயிரோடு இருக்கிற ஒருவர் திரும்பி வர முடியாது என்று தெரிந்தே, தானாக மனசு வந்து உள்ளே இறங்கினால்தான் அது வெடிக்கும். யார் இறங்குவது? மூன்று நாள் பஸ்ஸில் இதே பேச்சு. “அண்ணன்தான்டி எறங்குவான், மூத்தவன்ல” என்றாள் ஒருத்தி. “எந்த ஊர்ல அண்ணன் எறங்கிருக்கான்? தங்கச்சியத்தான் தள்ளி விடுவான்” என்றாள் முத்துலட்சுமி, காய்ச்சலுக்கப்புறம் முதல் தடவையாக வாயைத் திறந்து. “தள்ளி விட்டா ஒடையாதுடி, தானா எறங்கணும்” என்றாள் பிலோமினா அக்கா. பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தாள்.

நான் அகராதியோடு உட்கார்ந்தேன். கடைசி அத்தியாயத்தைத் திறந்தால் அத்தியாயமே இல்லை. யாரோ கிழித்திருக்கிறார்கள், எந்தக் கடையில் எதைப் பொட்டலம் கட்டினார்களோ. இங்கிலீஷ் புத்தகம் படிக்கிறவள் என்று பஸ்ஸில் எனக்கு ஜன்னல் சீட்டு கொடுத்து வைத்திருந்தார்கள். பக்கம் இல்லை என்று சொல்ல வெட்கம். “திடீர்னு ஒரு இடி விழுந்துச்சு, கொப்பரை ஒடஞ்சு போச்சு, எல்லாரும் நல்லா இருந்தாங்க” என்று அவசரமாகச் சொல்லி முடித்தேன். அப்போதுதான் அக்கா எழுந்து நின்று அப்படிக் கத்தினாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். “கடைசித் தாளு இல்லக்கா” என்றேன்.

அந்த பஸ் இன்றைக்கு இல்லை. மில்லை மூடி, மிஷின்களை இரும்பு விலைக்குப் பிரித்துக்கொண்டு போய், அந்த இடத்தில்தான் நான் போன வாரம் போன மண்டபத்தைக் கட்டியிருக்கிறார்கள். சித்தையன்கோட்டைப் பக்கத்திலிருந்து கொத்தாக ஏறிவந்த பெண்கள் எங்கெங்கோ சிதறிவிட்டார்கள். உதட்டைப் படிக்கிற பேச்சு எனக்கு மறந்தே போயிற்று. பழக்கம் விட்டதும் போய்விடுகிற பாஷை போலிருக்கிறது அது. அக்கா ஆயக்குடியில் மகள் வீட்டில் இருக்கிறாள். மிஷின் சத்தம் தின்ற காது, போனில் பேசினால் நான் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்த வேண்டும். அந்தப் புத்தகத்தை முழுசாகத் தேடிப் படிக்கலாம்தான். எனக்குத் தோன்றவில்லை. ஏனென்றால் அக்கா அன்றைக்குக் கத்திவிட்டு உட்காரவில்லை.

“அண்ணே, வண்டிய நிறுத்துங்க” என்றாள் டிரைவரிடம். பூட்டுக் கடைகள் வரிசையாக இருக்கிற தெரு. இறங்கிப் போனாள். நாங்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு காகிதப் பொட்டலத்தோடு திரும்பி ஏறினாள். என்ன என்று கேட்டதற்கு அதை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மறுநாள் டீ நேரத்தில், பொட்டலத்தைப் பிரித்து எடுத்த தாப்பாளும் வீட்டிலிருந்து கொண்டுவந்த ஸ்க்ரூ டிரைவருமாக அந்தக் கக்கூஸ் கதவின் முன்னால் நின்றாள். சூப்பர்வைசர் ஓடி வந்து, “யாரக் கேட்டு மாட்டுற? நாளைக்கு வேலை வேணுமா வேணாமா?” என்று கத்தினார். பத்து மிஷினுக்கு அந்தப் பக்கம் உதட்டைப் படிக்கிற அக்கா, முகத்துக்கு நேரே நின்று கத்துகிறவரைப் பார்த்துக் காதைத் தொட்டு, கேட்கவில்லை என்று கையை விரித்தாள். நாலாவது ஆணியையும் திருகி முடித்தாள். பிறகு தண்ணீர்ப் பானைக்குப் போனாள். செம்பு நிறைய மொண்டு, நாங்கள் எல்லாரும் பார்க்க, அண்ணாந்து ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். இரண்டாவது செம்பும் குடித்தாள். அவர் இன்னும் கத்திக்கொண்டிருந்தார். அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். வெளியே ஒருத்தியும் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. கதவு ஆடவே இல்லை.