புரூஃபில் வைத்த பொய்ச் சொல்

அச்சகத்தில் அவரை எல்லாரும் அகராதி என்றுதான் கூப்பிடுவார்கள். பாதி வேலையால் வந்த பெயர், பாதி குணத்தால். ஆங்கிலத்தில் யாரும் சீண்டாத சொற்களைத் தேடிப் பிடித்து, தமிழில் பொருளும் பிறப்பும் எழுதுவது இருபத்திரண்டு வருஷப் பிழைப்பு. காய்ந்த மண்ணில் மழை விழுந்தால் எழும் வாசனைக்கு ‘பெட்ரிகோர்’. கிரேக்கத்தில் கல்லும், தேவர்களின் நரம்பில் ஓடும் திரவமும் சேர்ந்து பிறந்தது. ஆளை ஜன்னல் வழியே தூக்கி எறிவதற்கு ‘டிஃபெனஸ்ட்ரேஷன்’. லத்தீனில் ஜன்னலுக்குள்ள பெயரிலிருந்து வந்தது. இதற்கெல்லாமா ஒரு சொல் என்று யாராவது சிரித்தால் போச்சு, மனிதர் சண்டைக்கே போய்விடுவார்.

அன்று அவரையே தூக்கி எறியத்தான் முதலாளி கூப்பிட்டிருந்தார். மூன்று வருஷம் மாடாய் உழைத்த அரிய சொற்கள் புத்தகம் அச்சேறும் முன்பே, எதிர்த்தெருக் கம்பெனி அதை அப்படியே போட்டுவிட்டது. அச்சுக்கு முன் பிழை பார்க்கும் புரூஃப் கட்டு போனது மூன்றே பேரிடம்: முதலாளி, அகராதி, பிழை திருத்தும் மச்சினன். மச்சினன் என்றால் அகராதியின் மனைவியோடு கூடப் பிறந்த ஒரே தம்பி. இவரே கெஞ்சிக் கூத்தாடி வேலையில் சேர்த்துவிட்டவன். முதலாளிக்குச் சந்தேகமெல்லாம் அகராதிமேல். வேலைநீக்கக் கடிதம் தயாராக மேஜைமேல் கிடந்தது.

கடைசியாக ஏதாவது சொல்ல வேண்டுமா என்று முதலாளி கேட்டார். எதிரிப் புத்தகத்தை ஒரு நிமிஷம் பார்க்கவேண்டும் என்று மட்டும் அகராதி சொன்னார்.

திருடனைப் பிடிக்க, உலகத்திலேயே இல்லாத ஒரு சொல்லை நுழைத்துவைப்பது அகராதிக்காரர்கள் சிலரின் தந்திரம். இவர் ஒரு படி மேலே போய், மூன்று புரூஃபிலும் வெவ்வேறு பொய்ச் சொல் வைத்திருந்தார். அச்சுக்குப் போகுமுன் எடுத்துவிடலாம் என்று யாரிடமும் மூச்சு விடவில்லை. மூவாயிரம் விசித்திரச் சொற்களுக்கு நடுவே எவன் கண்டுபிடிக்கப் போகிறான்? முதலாளியின் புரூஃப் கட்டுக்குள் ‘கிராபல்டி’, விருந்தாளி போனபிறகு வரும் பசி. தன் கட்டுக்குள் ‘டோர்வின்’, பூட்டிய கதவை மறுபடி இழுத்துப் பார்க்கும் வியாதி. மச்சினன் கட்டுக்குள் ‘ஸ்னெல்விக்’, மூக்குக் கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டே வீடெல்லாம் தேடுவது.

எதிரிப் புத்தகத்தைப் புரட்டினார். டோர்வின் இல்லை. போன உயிர் பாதி திரும்பியது. கிராபல்டியும் இல்லை. ஸ்னெல்விக் இருந்தது, இவர் புளுகிய லத்தீன் வேர் உட்பட.

அடப்பாவி! கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் மச்சினன் தலை நிமிராமல் பென்சில் சீவிக்கொண்டிருந்தான். போன மாதம்தான் தகப்பனானவன். வாயை மூடிக்கொண்டால் இவர் காலத்துக்கும் திருடன். திறந்தால் வீடு இரண்டாகிவிடும். முதலாளி பேனாவைத் திறந்தார்.

“இந்தச் சொல்லு மூணாவது கட்டுல மட்டும் நான் வெச்ச பொய்யிங்க. அது என் மச்சினன்கிட்ட இருந்தது.”

முதலாளி மூன்று கட்டுகளையும் வரவழைத்துச் சரிபார்த்தார். கடிதத்தில் பெயரை மாற்ற ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

வீட்டு வாசலிலேயே மனைவி காத்துக்கொண்டிருந்தாள். வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை என்றதும் அழுதேவிட்டாள். உடனே போனை எடுத்தாள்.

“தம்பிக்குத்தான் முதல்ல சொல்லணும். காலையிலேர்ந்து உங்களுக்காகத் தவிச்சுக் கெடக்கான்.”

“போனை வை. வேலை போனது அவனுக்குத்தான். காட்டிக் குடுத்தது நான்.”

அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அந்தப் பக்கம் அவன் “அக்கா” என்றான்.