பேனாவில் வரைந்த சிலுவை

எகிப்தில், எங்கள் சமாலூத்தில் தெமியானா ஊசி போட்டால் எந்தக் குழந்தையும் அழாது. குழந்தை என்ன குழந்தை, நைலுக்கு அக்கரையில் உள்ள பறவை மலையிலிருந்து கொக்குகள் பறந்து வந்து, சுகாதார நிலையத்து வாசலில் வரிசையாக நின்று, இறக்கையைத் தூக்கிக் காட்டி ஊசி போட்டுக்கொண்டு போகும். சரி, கொக்கு விஷயம் கொஞ்சம் கூடிப்போய்விட்டது. வந்தது ஒரே ஒரு வாத்து. அதுவும் யாரோ சிந்திய ரொட்டித் துண்டுக்காக வந்தது. ஆனால் குழந்தைகள் விஷயத்தில் சொன்னதை வாபஸ் வாங்குவதாக இல்லை.

வேடிக்கை என்னவென்றால், இதே தெமியானாவுக்கு இருபது வயதுவரை ஊசியைக் கண்டாலே கைகால் உதறும்.

நான்கு வயதில் அவளை மாதா திருவிழாவுக்குக் கூட்டிப்போய்ப் பச்சை குத்துகிறவர் முன்னால் உட்கார வைத்தார்கள். வலது மணிக்கட்டின் உட்புறத்தில் சின்னதாக ஒரு சிலுவை. எங்கள் கிறிஸ்தவப் பிள்ளைகளில் அது இல்லாத பிள்ளை கிடையாது. இயந்திரம் வண்டு மாதிரி இரைந்ததுதான் தாமதம், தெமியானா அம்மாவின் பிடியை உதறிக்கொண்டு கூட்டத்துக்குள் பாய்ந்துவிட்டாள். திருவிழாவையே சல்லடை போட்டுத் தேடினார்கள். கடைசியில் ஒரு தர்பூசணி வண்டிக்கு அடியில் அகப்பட்டாள். முகமெல்லாம் சிவப்புச் சாறு.

வீட்டுக்கு வந்ததும் அம்மா ஒரு நீலப் பேனாவை எடுத்தாள். "அடுத்த திருவிழாவுல குத்திக்கலாம்டி. அதுவரைக்கும் ஊர் வாய மூடணும்ல?" என்று மணிக்கட்டில் ஒரு சிலுவையை வரைந்தாள். அந்த அடுத்த திருவிழா பதினாறு வருஷமாக வரவே இல்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் சிலுவை புதுப்பிக்கப்பட்டது. பத்து வயதுக்கு மேல் தெமியானா தானே வரைந்துகொண்டாள். ஞாயிறு பூசையில் கையை நீட்டும்போது அது அசல் பச்சையைவிட நேர்த்தியாக இருக்கும்.

இப்படிப்பட்டவள் போய்ச் சேர்ந்த படிப்பு நர்ஸ் படிப்பு. அக்கம்பக்கத்தில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் முதலில் போய் நிற்கிறவள் வேறு எதைப் படிப்பாள்? கட்டுப் போடுவாள், நாடி பார்ப்பாள், முரண்டு பிடிக்கும் கிழவர்களுக்குச் சிரிக்கச் சிரிக்கப் பேசி மருந்து புகட்டுவாள். ஆரஞ்சுப் பழத்துக்கு அழகாக ஊசி போடுவாள். மனிதத் தோல் கண்ணில் பட்டால் மட்டும் கை காற்றில் அகப்பட்ட இலையாகிவிடும். செய்முறைத் தேர்வில் தோற்றுப்போனாள். மறுதேர்வு ஆகஸ்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை; எங்கள் நாட்டில் வார விடுமுறை வெள்ளியும் சனியும்தான். அதிலும் கை நடுங்கினால் படிப்பை விட்டுவிட வேண்டியதுதான் என்று பயிற்சி ஆசிரியை பட்டென்று சொல்லிவிட்டார்.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை கோயில் மாணவர்களின் பயணம் வந்தது. ஏரோது மன்னனுக்குப் பயந்து யோசேப்பு மாதாவையும் குழந்தையையும் எங்கள் தேசத்துக்குக் கூட்டிவந்தாரே, அவர்கள் தங்கிப்போன இடங்களுக்கு ஒரு பேருந்து. காலையில் பறவை மலை, மதியம் அசியூத் மலையில் உள்ள மாதா மடம். தெமியானா முதல் ஆளாகப் பெயர் கொடுத்தாள். ஒவ்வொரு இடத்திலும் கேட்கப்போவது ஒன்றே ஒன்று. மாதாவே, இந்த நடுக்கத்தை எடுத்துவிடு.

பேருந்தில் அவள் பக்கத்தில் வகுப்புத் தோழி யூஸ்தினா. ஊருக்கே ஒலிபெருக்கி. மாதா நோன்பு நடந்துகொண்டிருந்ததால் இறைச்சி, பால், முட்டை எதுவும் கிடையாது. யூஸ்தினாவின் பையிலிருந்து பாலாடைக்கட்டி வாசம் வந்ததும், பயணத்தை நடத்திய எவ்லின் அக்கா பின்னாலேயே வந்து நின்றார்.

"என்னடி அது பையில?"

"சோப்புக்கா."

"சோப்பை எதுக்கு ரொட்டிக்குள்ள வச்சிருக்க?"

பேருந்தே சிரித்தது. அந்த ரொட்டி வழியில் ஒரு பூனைக்குப் போனது. பூனைக்கு நோன்பு இல்லை.

பறவை மலையில் மாதா தங்கிய குகைக் கெபியில் தெமியானா மண்டியிட்டுக் கேட்டாள். எழுந்து கையைப் பார்த்தாள். எந்த மாற்றமும் தெரியவில்லை. திரும்பும்போது படகில் எல்லோரும் நைல் தண்ணீரை அள்ளி முகத்தில் தெளித்துக்கொண்டார்கள். குழந்தையோடு மாதா கடந்த ஆறல்லவா? யூஸ்தினா இரண்டு கையாலும் வாரி இறைத்தாள். தெமியானா முழங்கைவரை நனைந்து சிரித்தாள். காலையில் புதிதாக வரைந்த சிலுவையைப் பற்றிய நினைப்பே அவளுக்கு வரவில்லை.

அசியூத் மடத்து வாசலில், கிறிஸ்தவர் என்பதற்கு அடையாளமாக, எங்கள் பழக்கப்படி எல்லோரும் வலது கையைத் திருப்பிக் காட்டிக்கொண்டே உள்ளே போனார்கள். காவல்காரர் ஒவ்வொரு மணிக்கட்டையும் பார்த்துத் தலையாட்டினார். தெமியானாவின் கை வந்ததும் தலை ஆடவில்லை.

"என்னம்மா இது?"

சிலுவை இருந்த இடத்தில் நீலமாக ஒரு கறை.

"அடையாள அட்டை இருக்கா?"

"விடுதியில வச்சுட்டு வந்துட்டேன், ஐயா."

யூஸ்தினா எட்டிப் பார்த்தாள். "அடிப்பாவி! பேனாவா? இத்தன வருஷமா பேனாவா?"

அது கடைசி வரிசைவரை கேட்டது. சிரிப்பு அலையாகப் பரவியது. எவ்லின் அக்கா ஓடிவந்து, "எங்க கோயில் பொண்ணுதான் ஐயா, ஞானஸ்நானத்துல நான் கூட இருந்தேன்" என்றார். காவல்காரரும் நல்ல மனிதர். "அப்படின்னா போம்மா. அடுத்த தடவை மையாவது நல்லதா வாங்கு" என்று வழிவிட்டார்.

தெமியானா போகவில்லை. வாசலுக்கு வெளியே பெரிய குடையின் கீழ் பச்சை குத்தும் கடை ஒன்று இருந்தது. இயந்திரம் அதே வண்டாக இரைந்துகொண்டிருந்தது. அவள் அதையே பார்த்தாள்.

"வாடி, வெயில் மண்டையப் பொளக்குது" என்றாள் யூஸ்தினா.

"உள்ள போய் என்னன்னு கேப்பேன்? ஊசி பயத்தை எடுத்துடு மாதாவேன்னு, அழிஞ்சுபோன சிலுவையக் காட்டிக்கிட்டா? நீ கூட வா. நான் ஓடினா பிடிச்சுக்கோ."

கடைக்காரர் நஸீஃபுக்கு நாற்பது வயதிருக்கும். வாய் ஓயாத ஆள். "குழந்தைக்கா?" என்றார்.

"எனக்குத்தான்."

"அட! கல்யாணப் பொண்ணு வயசுல வந்திருக்க. இவ்வளவு நாளா எங்க ஒளிஞ்சிருந்த?"

"தர்பூசணி வண்டிக்கு அடியில."

அவர் ஊசியை எடுத்தார். அவர் கை ஆடிக்கொண்டிருந்தது! இப்படி அப்படி ஆட்டமில்லை, அவள் கை ஆடும் அதே ஆட்டம்.

"அண்ணே, உங்க கை நடுங்குது!"

"நோன்பும்மா. நான் கொஞ்சம் கடுமையாப் பிடிக்கிறவன். காலையிலிருந்து பச்சைத் தண்ணி பல்லுல படல. மூணு மணிக்குத்தான் சாப்பாடு. இதெல்லாம் கண்டுக்காத."

கண்டுகொள்ளாமல் எப்படி இருப்பது? யூஸ்தினாவின் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நர்ஸ் படிக்கிறவளின் கண்ணால் அவர் கையையே பார்த்தாள். அவர் இடது கட்டைவிரலால் தோலை இழுத்துப் பிடித்தார். வலது கை ஊசியோடு ஆடி ஆடி இறங்கியது. இறங்கி, சுண்டுவிரல் அவள் மணிக்கட்டில் ஊன்றியது. ஊன்றிய நொடியில் ஆட்டம் நின்றது. ஒரு கோடு இழுத்துக் கையைத் தூக்கினார், மறுபடி ஆட்டம். சுண்டுவிரல் ஊன்றியது, நின்றது. தனக்கு அப்படி ஒரு வித்தை இருப்பதே அவருக்குத் தெரியாது. அவர்பாட்டுக்கு மைத்துனன் கல்யாணத்தில் பரிமாறிய வாத்துக் கறியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

தெமியானாவுக்கு வகுப்பில் ஊசியைக் காற்றில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தொடப் பயந்து, தள்ளியே நின்றது நினைவுக்கு வந்தது. தொடாமல் நின்ற கைதான் நடுங்கியது.

வீங்கிய மணிக்கட்டோடு கெபிக்குள் போனாள். மெழுகுவர்த்தி ஏற்றினாள். கேட்க வந்ததைக் கேட்க மறந்து, நன்றி மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தேர்வுக்கு வந்த நோயாளி எருமை மாதிரி முறைக்கிற ஒரு சிமெண்டு வியாபாரி. தெமியானாவின் கை வழக்கம்போல ஆடியது. அவள் இடது கையால் அவர் தோளைப் பற்றினாள், வலது சுண்டுவிரலைத் தோலில் ஊன்றினாள். அந்த ஆள் கடைசியில், "எப்ப குத்தப்போற?" என்று கேட்டார். குத்தி முடித்துப் பஞ்சை அழுத்திக்கொண்டிருந்தாள் அவள். பயிற்சி ஆசிரியை தாளில் கையெழுத்துப் போட்டார்.

பதினோரு வருஷமாகிறது. சமாலூத் சுகாதார நிலையத்துக்கு வருகிற குழந்தைகள் தெமியானா இருக்கிறாளா என்று கேட்டுவிட்டுத்தான் சட்டைக் கையை மடக்குகிறார்கள். நடுக்கம் முழுக்கப் போகவில்லை. ஊசியை எடுக்கும்போது இன்னும் லேசாக எட்டிப் பார்க்கும். அவள் அதைப் பார்த்துச் சிரிக்கிறாள். ஒவ்வொரு ஆகஸ்டிலும் மாணவர் பேருந்தில் நர்ஸாகப் போகிறாள், முதலுதவிப் பெட்டியும் பாலாடைக்கட்டி பிடிக்கும் மூக்கும் கூடவே.

அன்று குடையின் கீழ் அவள் ஒரு முனகல்கூட முனகவில்லை, புன்னகை மாறாமல் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள் என்றுதான் இதை முடித்திருந்தேன். வாசித்துக் காட்டியபோது யூஸ்தினா தேநீர்க் கோப்பையை டக்கென்று கீழே வைத்தாள்.

"ராணியா? முனகல் எப்படி வரும், வாய் என் தோள்லல்ல இருந்துச்சு! கடிச்சா! கத்தினது பூரா நானு. கூட்டமே எனக்குத்தான் பச்சை குத்துறாங்கன்னு நினைச்சுது. இந்தா பாரு, அவ சிலுவை மாதிரியே இதுவும் இன்னும் அழியல" என்று சட்டையை விலக்கித் தோளைக் காட்டினாள். நான்கு பல் தடம்.